வார்ஸினி வீட்டு விசேஷம்

பெஸார் மாதப் பிறை தெரிந்த மறுநாளே கராங்வுனி கிராமத்தில் தூக்குச்சட்டிகள் நடமாடத் தொடங்கிவிடும். அடுத்து வரும் சூரோ மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் ஊரில் இருக்கிற கல்யாணம், சுன்னத்து, புதுவீடு எல்லாம் இந்த ஒரே மாதத்துக்குள் அடித்துப் பிடித்து நுழையும். விசேஷ வீட்டார் பத்திரிகை அடிப்பதில்லை. நான்கு அடுக்குத் தூக்குச்சட்டியில் சோறும் கோழிக்குழம்பும் சேமியாவும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்து வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். மூடியைத் திறந்தாயிற்றென்றால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. வெறுங்கையோடு போக முடியாது. சட்டியில் முட்டை இருந்தால் உறைக்குள் வைக்கிற பணம் ஒரு அளவு, கோழித்தொடை இருந்தால் வேறு அளவு. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

துமிஜானுக்கும் வார்ஸினிக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இருபத்திரண்டு பெஸார் மாதம். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் சுன்னத்து இல்லை, கல்யாணம் இல்லை. மற்றவர்கள் கொடுத்ததை என்றைக்காவது ஒருநாள் தங்கள் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் வீட்டுச் சட்டி மட்டும் ஒருநாளும் வெளியே நடந்ததில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

செராயு ஆற்றங்கரை வண்டலில் செங்கல் அறுப்பது அவர்கள் தொழில். வெயில் காலம் முழுக்க மண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துப் பதமாக்கி, மரச்சட்டத்தில் அடித்துக் களத்தில் பரப்புவார்கள். மிதிப்பது துமிஜான். சட்டம் அடிப்பது வார்ஸினி. குனிந்தால் நிமிர மாட்டாள். பொழுது உச்சிக்கு வருவதற்குள் முந்நூறு கல் அடித்துவிடுவாள். காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லை ஓலைக் கொட்டகைக்குள் அடுக்கி வைத்தால் கார்த்திகை மழை தொடங்குமுன் சூளை வைத்துவிட வேண்டும். சூளைக்கு உமி வேண்டும், மூட்டை மூட்டையாக. உமி வாங்க வைத்திருந்த காசு வருஷா வருஷம் பெஸார் மாதத்து உறைகளுக்குள் போய்விடும். அப்புறம் வானம் கறுக்கும். தர்ஸோனோ முதலாளியின் லாரி வந்து நிற்கும்.

அவர் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு பச்சைக்கல்லை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். மண்கட்டியைத் தட்டினால் என்ன கேட்கும்? “சத்தமே வரலியேப்பா துமிஜான்” என்று சிரிப்பார். பிறகு வெந்த கல்லின் பாதி விலைக்கும் குறைவாக ஒரு விலை சொல்வார். மழை அவர் பக்கம் நின்றுகொண்டிருக்கும். துமிஜான் தலையாட்டுவான். அந்தக் கல் முதலாளியின் பெரிய சூளையில் வெந்து, தட்டினால் மணி போல் கணகணக்கிற கல்லாகிப் பட்டணத்துக்குப் போகும்.

சென்ற வருஷம் லாரி போன தடத்தில் நின்றுகொண்டு வார்ஸினி சொன்னாள்: “அடுத்த வருஷம் நம்ம கல்ல நாமதான் சுடறோம். சுடாட்டி நான் சட்டத்தத் தொட மாட்டேன்.”

துமிஜான் அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று நினைத்தான். அவனுக்குப் புகையிலை சுற்றி வரும் பழைய செய்தித்தாள் துண்டுகளை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிற வழக்கம் உண்டு. அன்றைக்கும் ஏதோ ஒரு துண்டில் மூழ்கியிருந்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கையில் உளி இருந்தது. சமையல்கட்டு நடுவில் கூரையைத் தாங்கி நின்ற பெரிய மூங்கில் தூணில், கணுவுக்குக் கீழே, காசு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உண்டியல் வேணும்னா கொல்லையில அத்தன மூங்கில் கெடக்கே. இதப் போயி ஏன்?”

“அந்த மூங்கில ஒவ்வொரு வருஷமும் நீங்கதான் ராத்திரியோட ராத்திரியா அறுத்தீங்க. இத அறுங்க பாப்போம். கூரை தலையில விழும்.”

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே மாறியது. அரசாங்கம் கொடுத்த பச்சை நிறக் கேஸ் சிலிண்டர் தீர்ந்ததும் அவள் புதிது வாங்கவில்லை. அதன் தலையில் ஒரு துணியைப் போர்த்தி முக்காலியாக்கினாள். ஆற்றில் ஒதுங்கும் மூங்கில் வேரையும் தென்னம் பாளையையும் காயவைத்து அடுப்பெரித்தாள். சமையல் நாளைக்கு ஒரு தடவை. காலையில் வடித்த சோற்றை வைக்கோல் திணித்த கூடைக்குள் பானையோடு புதைத்து வைப்பாள். சாயங்காலம் வரை சூடு போகாது. ஆலையில் குருணை வாங்கி, மூன்றில் ஒரு பங்கு மரவள்ளிக்கிழங்கைச் சீவிப்போட்டு வேகவைத்தாள். காய் என்றால் வேலிதான். பப்பாளி இலை, முருங்கை, வாழைப்பூ. சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பே வாரம் இரண்டு நாள். பொட்டலம் பொட்டலமாக வாங்கிய ஷாம்பு நின்றது. வைக்கோல் சாம்பல் கரைத்த தண்ணீரில் தலை அலசினாள். அதற்கப்புறம் முடி முன்னைவிடக் கறுப்பாகத்தான் இருந்தது. சந்தைக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் வயிறு நிறையத் தின்றுவிட்டு.

“பசியோட சந்தைக்குப் போனா கண்ணு காசு குடுக்கும்” என்பாள்.

இதையெல்லாம் துமிஜான் பொறுத்துக்கொண்டான். டீயில் சீனியை நிறுத்தியபோதுதான் எழுந்து நின்றுவிட்டான்.

“இது என்ன, சாவு வீட்டுத் தண்ணியா?”

“கசப்பாவா இருக்கு?”

“பின்ன?”

“தர்ஸோனோ தட்டிப் பாத்துச் சிரிச்சது எப்படி இருந்துச்சு? இனிப்பாவா?”

அவன் உட்கார்ந்து குடித்தான். மிஞ்சிய சில்லறை தூணுக்குள் விழும்போது முதலில் நெடுநேரம் உருண்டு அடியில் போய் ‘ணங்’ என்றது. பங்குனிக்குள் அந்தச் சத்தம் சுருங்கியது. ஐப்பசியில் காசு போட்டால் கீறலுக்குக் கீழேயே எங்கோ ‘டப்’ என்று நின்றது. துமிஜான் சுருட்டுப் புகையிலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டான். அவள் சொல்லவில்லை. அவனாகத்தான்.

கொட்டகையில் பதினாலாயிரம் பச்சைக்கல் நின்றது. பெஸார் பிறை தெரிந்தது.

முதல் தூக்குச்சட்டி மூன்றாம் நாள் வந்தது. தெற்குத் தெருவில் ஒரு சுன்னத்து. கொண்டுவந்த பெண் இறக்கி வைக்கக் குனிந்தபோது வார்ஸினி சட்டியின் பிடியைத் தானே பிடித்துக்கொண்டாள். தரையில் விடவில்லை.

“தங்கச்சி, பிள்ளைக்கு நோவில்லாம ஆறணும்னு நான் துவா செய்யறேன். வந்து பாத்திரம் கழுவணுமா, மூணு நாளும் கழுவறேன். இந்தச் சட்டி மட்டும் வேண்டாம். எடுத்துட்டுப் போ.”

அந்தப் பெண்ணுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. “அக்கா, சட்டியத் திருப்பக் கூடாதுக்கா.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அப்படித்தான்.”

“மூடியத் தொறக்கல. சோறு சூடு ஆறல. வேற வீட்டுக்குக் குடு.”

அடுத்து வந்த இரண்டு சட்டியும் அதே மாதிரி திரும்பின. நாலாவது வரவில்லை. கராங்வுனியில் செய்தி நடக்க வேண்டிய அவசியமில்லை, அது எல்லோர் வாயிலும் முன்னமே உட்கார்ந்திருக்கும். கிணற்றடியில் துமிஜான் வாளியோடு போனால் பேச்சு நின்றது. பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றும்போது ஒருவன் இன்னொருவனிடம், “சோத்தத் திருப்பி அனுப்பறவங்க வீட்டுல சாவு விழுந்தா மையத்தத் தூக்க யாரு போவா?” என்று கேட்டான். காதில் விழட்டும் என்றுதான் கேட்டான்.

துமிஜான் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். வார்ஸினி கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் உறை வச்சோமே. மையம் தூக்க அது போதாதாமா? இன்னும் எத்தன வைக்கணுமாம், கேட்டுட்டு வந்தீங்களா?”

தெம்பே விற்கும் சுகிரா அன்று மத்தியானம் வந்தாள். புருஷன் போன பின் நாலு பிள்ளைகளைத் தெம்பே விற்றே வளர்த்தவள். வார்ஸினியின் பால்ய சிநேகிதி. அவள் வாய்க்கு ஊரே கொஞ்சம் பயப்படும்.

“என்னடி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாமே. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கடிப்பியா?”

“உக்காரு. சீனியில்லாத டீ தர்றேன். நீயே கடிச்சிட்டு ஓடுவ.”

சுகிரா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். “அடியே, இந்த மாசம் எனக்குப் பதினோரு சட்டி. கணக்குப் பாத்தேன், சோயா மூட்டை வாங்க வச்ச காசு போச்சு. அடுத்த வாரம் தெம்பே போட வழியில்ல. ஆனா உன்ன மாதிரித் திருப்ப எனக்குத் தைரியம் கெடையாது. மூணு கல்யாணம் பாக்கி இருக்கு எனக்கு.”

“நீ திருப்பாத. உனக்கு வர்றது இருக்கு. எனக்கு என்ன இருக்கு?”

சுகிரா டம்ளரைக் கீழே வைத்தாள். “தர்ஸோனோ வீட்டுல அடுத்த வாரம் கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம். நாலாவது. அந்தச் சட்டியத் திருப்பிருவியா?” என்றாள்.

“ஏன், அது என்ன தங்கமா?”

“இல்லடி. அவன் சட்டியத் திருப்பினா, நாளைக்கு ஒருவேள சூளை சரியா வேகலன்னா, உன் கல்ல வாங்க இந்தப் பக்கத்துல நாய் வராது.”

“வரட்டும் சட்டி. பாத்துக்கலாம்” என்றாள் வார்ஸினி. ஆனால் அன்று பொழுது சாயும் வரை அவள் சட்டத்தை அடித்த அடியில் மண் சட்டத்தை விட்டு வரவில்லை.

அந்தச் சட்டி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. உமி விலை பேச ஆலைக்குப் போயிருந்தாள். ஆலைக்காரன் அன்றைக்குத்தான் விலையை ஏற்றியிருந்தான். தூணில் இருப்பதைக் கொட்டினாலும் வேண்டிய உமியில் பாதிக்குத்தான் வரும். அவனோடு மல்லுக்கு நின்று அவள் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது.

துமிஜான் காலையிலிருந்து சூளை அடுக்கிக்கொண்டிருந்தான். அடியில் தீக்கண் விட்டு, கல்லைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் உமி இறங்க இடம் விட்டு. இடுப்பு இற்றுப்போயிருந்தது. முதலாளி களத்து ஆள் வகிமான் வந்து சட்டியை வைத்தான். “வார்ஸினி இல்லியே” என்று துமிஜான் சொல்வதற்குள், “நாளைக்குக் காலைல காலிச் சட்டிய வாங்கிக்கறேன்” என்று வண்டியைக் கிளப்பிவிட்டான்.

துமிஜான் சட்டியைப் பார்க்காமல் கை கழுவினான். பார்க்காமல் உட்கார்ந்தான். மூடியிடுக்கு வழியாகத் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் மணத்தன. ஒரு வருஷமாகக் கிழங்குச் சோறு. முழுசாகத் திறக்க வேண்டாம், மேலடுக்கு என்ன என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தான். கராங்வுனியில் சட்டி திறந்த யாருமே முதலில் நினைப்பது அதுதான்.

வார்ஸினி உள்ளே வந்தபோது அவன் விரல்கள் மஞ்சளாக இருந்தன. ஒளிக்க நேரமில்லை.

அவள் சட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள்.

“எந்தத் துண்டு தின்னீங்க?”

“தொடை.”

“ஒண்ணா, ரெண்டா?”

“... ஒண்ணுதான் இருந்துச்சு.”

மழைக்கு முந்தின காற்று கொட்டகை ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் திட்டுவாள் என்று துமிஜான் காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிலிண்டர் முக்காலியில் உட்கார்ந்து, தூணைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். கண் நிறைந்து வழியாமல் நின்றது.

“தொடைக்கு உறையில எவ்வளவு வைக்கணும்னு தெரியுமில்ல? இந்தத் தூணுல பாதி. பாதி உமிக்கே பத்தல. பாதில பாதிய வச்சு என்ன சுடறது? அப்பளமா?”

“நான் போகல வார்ஸி. தின்னது நான்தான்னு சொல்லிர்றேன். பட்டினி கெடந்தவன் தின்னுட்டான்னு சொல்லிர்றேன். சிரிக்கட்டும்.”

“சிரிப்பாங்க. வருஷம் முழுக்க.” அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். மீதியிருந்த றெக்கைத் துண்டை எடுத்து நிதானமாகத் தின்றாள். எலும்பைச் சப்பிக் கீழே வைத்தாள். “மொளகு கம்மி” என்றாள். பிறகு சட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஏதோ மாறியது. துமிஜானுக்கு அந்த முகம் தெரியும். தூணில் கீறல் போட்ட அன்றைய முகம்.

“ஏங்க. சட்டி வந்தா, தொறந்தா, போயே ஆகணும். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“முதலாளிக்கும் அப்படித்தானே?”

“அவருக்கு யாரு சட்டி...” என்று தொடங்கிய துமிஜான் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் விடியுமுன் வீட்டில் இருந்த ஒரே கோழியின் கழுத்தைத் துமிஜான்தான் அறுத்தான். முட்டையிடுகிற கோழி. றெக்கையை வார்ஸினி பிடித்துக்கொண்டாள். வேலியில் மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் இருந்தன. இரண்டு தேங்காய் துருவினாள். மிளகு தாராளமாகப் போட்டாள். நாலு அடுக்கையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடியில் கிழங்கு கலந்த சோறு, அதற்கு மேல் பப்பாளி இலைப் பொரியல், பிறகு தெம்பே, மேலடுக்கில் குழம்பும் இரண்டு தொடையும் வைத்து மூடினாள்.

வகிமான் வந்து சட்டியைத் தூக்கியவன் கை கனத்ததும் திரும்பினான். “காலிச் சட்டிதானே?”

“இல்ல. எங்க வீட்டுச் சோறு. திங்கக்கிழமை காலைல எங்க வீட்டுல விசேஷம். முதலாளியும் அம்மாவும் வந்து சிறப்பிக்கணும்னு சொல்லு.”

“உங்க வீட்டுல என்னக்கா விசேஷம்?” வகிமான் துமிஜானைப் பார்த்தான். துமிஜான் ஆகாயத்தைப் பார்த்தான்.

“சூளைக்குத் தீ வைக்கிறோம்.”

“சூளைக்கா? அதுக்கு யாராச்சும் சட்டி அனுப்புவாங்களா?”

“நான் அனுப்பறேன். உறை வேண்டாம்னு சொல்லு. ஒரு மூட்டை உமி போதும்.”

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் அன்று முப்பது பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சுகிராவும் இருந்தாள். நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள், சிரித்து மூச்சுவாங்கிக்கொண்டே. வகிமானுக்கு விஷயத்தைச் சொல்ல நாக்கு வரவில்லையாம். சட்டியை மற்றச் சட்டிகளோடு வைத்துவிட்டு நழுவிவிட்டானாம். முதலாளி பசியோடு வந்து, ‘எதாச்சும் இருக்கா’ என்றாராம். அவர் சம்சாரம் ரஸ்மி அம்மா கைக்குக் கிடைத்த சட்டியைத் திறந்து தட்டில் கொட்டினாளாம்.

“தொடை ரெண்டையும் தின்னாருடி! ‘இன்னிக்குக் குழம்பு யாரு வச்சா, இப்படித்தான் மொளகு போடணும்’னு எங்களுக்குப் பாடம் வேற. தின்னு முடிச்சு விரலச் சூப்பறப்போ வகிமான் வாசல்ல நின்னு சொல்றான், ‘முதலாளி, அது அழைப்புச் சோறு’ன்னு. யாரு வீட்டதுன்னு கேட்டாரு. சொன்னான். முப்பது பேரு வெங்காயம் உரிக்கிறத நிறுத்திட்டோம். ரஸ்மி அம்மா மொகத்தப் பாக்கணுமே!”

“என்ன சொன்னாரு?” என்றான் துமிஜான்.

“என்னத்தச் சொல்வாரு? தண்ணி குடிச்சாரு.” சுகிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு திடீரென்று குரலை மாற்றினாள். “ஏண்டி, முதலாளிக்குக் கோழி. நாப்பது வருஷமா உன்கூடச் சுத்தறேன், எனக்கு ஒண்ணும் கெடையாதா? எனக்கு விசேஷத்துக்குச் சொல்ல மாட்டியா?”

வார்ஸினி அவளையே பார்த்தாள். எழுந்து போய் வேகவைத்த கிழங்கில் ஒரு துண்டை வாழையிலையில் சுருட்டி, தென்னங்குச்சி செருகி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“திங்கக்கிழமை காலைல வந்து சிறப்பிக்கணும்.”

சுகிரா அங்கேயே பிரித்துத் தின்றாள். “தொறந்துட்டேன். இனிப் போயே ஆகணும்” என்றாள். தின்னும்போது அழுதாள் போலிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

அன்று சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வாழையிலைப் பொட்டலங்கள் கராங்வுனியில் நடந்தன. ஒவ்வொரு வாசலிலும் வார்ஸினி தானே நின்று ஒரே பேச்சைப் பேசினாள். “காசு வேண்டாம். உங்க கொல்லையில கெடக்கற உமி ஒரு மூட்டை. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் ஒரு வேலைக்காரியா வருவேன். உறை வராது. கை வரும்.” சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளிவாசல் படியில் மையத்தைப் பற்றிப் பேசியவன் வீட்டில் அவன் பெண்டாட்டி பொட்டலத்தை வாங்கி, அவன் பார்க்கும்படி பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்ஸோனோ முதலாளியே வந்தார். லாரி இல்லாமல், நடந்து. சூளை முக்கால்வாசி ஏறி நின்றது. மேற்கே வானம் ஈயப்பாத்திரம் மாதிரி இருந்தது.

“துமிஜான், எறங்கு கீழே. பேசணும்.”

துமிஜான் இறங்கினான். வார்ஸினி கல் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

“இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு மழை. பாதி உமிய வச்சுத் தீ வச்சா மேல்கல்லு பூராவும் வேகாம நிக்கும். மழை பட்டா சேறு. போன வருஷத்து விலைக்கு மேல கொஞ்சம் சேத்துத் தர்றேன். லாரிய அனுப்பட்டா?”

முன்னெல்லாம் இந்த இடத்தில் துமிஜானின் தலை தானாக ஆடும். இப்போதும் கழுத்தில் ஏதோ அசைந்தது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கல்லின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லட்டும் என்று நின்றாள்.

“லாரி வேண்டாம் முதலாளி” என்றான் துமிஜான். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. “விசேஷத்துக்கு வாங்க.”

“என்னப்பா விசேஷம், விசேஷம்? கல்ல சுடறது ஒரு விசேஷமா? ஊரு சிரிக்குது.”

வார்ஸினி கல்லை இறக்கி வைத்தாள்.

“முதலாளி, உங்க மூத்தவன் சுன்னத்துக்கு வந்தேன். நாலு கல்யாணத்துல மூணுக்கு உறை வச்சேன், நாலாவதுக்கு உறை இல்ல, கைதான். மேல்மாடி கட்டினீங்க, அதுக்கும் வந்தேன். அந்த மாடியில இருக்கற கல்லு நான் அடிச்ச கல்லு. இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்க எங்க வீட்டு வாசலுக்கு விருந்தாளியா வந்திருக்கீங்களா? எப்படி வருவீங்க? எனக்குப் புள்ள இல்ல, கூப்பிட விசேஷம் இல்ல. இது பதினாலாயிரம் இருக்கு. எல்லாம் என் கையால பொறந்தது. இதுக்கு நாளைக்குக் காலைல விசேஷம். சிரிக்கறவங்க வந்து சிரிக்கட்டும். வர்றப்போ உமி கொண்டு வரட்டும்.”

தர்ஸோனோ சூளையை அண்ணாந்து பார்த்தார். திரும்பி நடந்தார். வேலியோரம் நின்று, “கோழி நல்லா இருந்துச்சு” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை தூணை அறுத்தார்கள். முதலில் கூரைக்கு முட்டாகப் பச்சைக்கல்லை அடுக்கி நிறுத்திவிட்டு, இரண்டு கணுவுக்கு நடுவே ரம்பத்தை வைத்தான் துமிஜான். மூங்கில் பிளந்ததும் காசு தரையெல்லாம் கொட்டியது. வார்ஸினி அதை எண்ணக்கூட இல்லை. பழைய சாரோங் கைலியில் வாரிக்கட்டி ஆலைக்கு ஓடினாள். அவள் உமி வண்டியோடு திரும்பியபோது மழைத்தூறல் விழத் தொடங்கியிருந்தது. வாசலில் ஆள் நின்றது.

சுகிரா தலையில் ஒரு மூட்டை. தெற்குத் தெருவுக்காரி மூட்டையை மகன் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். திருப்பி அனுப்பிய சட்டி அவளுடையது. மையக்காரனின் பெண்டாட்டி மூட்டையை அவன் தலையிலேயே ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். பொட்டலம் போகாத வீட்டிலிருந்தும் ஆறு பேர் வந்தார்கள். விசேஷத்துக்கு வருகிறவர்கள் உடுத்துகிற மாதிரி சிலர் புதுக் கெபாயாச் சட்டை போட்டிருந்தார்கள். வார்ஸினி மண் படிந்த கையோடு வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரி செய்வதுபோல் ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையால் தொட்டு வரவேற்றாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வரிசையில் நின்று மற்றவர்கள் கையைத் தொட்டவள். இன்று வரிசை அவளை நோக்கி வந்தது.

உமி இன்னும் போதவில்லை. துமிஜான் மேலே நின்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரிச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அந்த லாரி பச்சைக்கல் ஏற்றப் போவதைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. அன்றைக்கு அது உமியோடு வந்தது. ரஸ்மி அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள், பட்டுத் துப்பட்டா போர்த்தி. முதலாளி இறங்கினார். ஊரே ஆளுக்கு ஒரு மூட்டை வைத்திருக்கும்போது அவரும் ஒரு மூட்டையோடு வந்தால் அவர் தர்ஸோனோ இல்லை. அது வார்ஸினிக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒரே கோழியை அறுத்தாள்.

“இறக்குங்கடா” என்றார் அவர். வார்ஸினி கையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் தொட்டார்.

தீயை வைத்தது துமிஜான். வார்ஸினிதான் அவனை வைக்கச் சொன்னாள். ஈரக்காற்றில் உமி முதலில் புகைந்தது, பிறகு உள்ளுக்குள் பிடித்துக்கொண்டது. மழை மத்தியானம் வலுத்தது. மேலே ஓலையும் தார்ப்பாயும் போட்டு, ஆண்கள் மூலைக்கொருவராகப் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். சூளை பத்து நாள் வெந்தது. பிரித்தபோது ஓரக்கல் கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றது எல்லாம் சிவப்பு. பட்டணத்து மேஸ்திரி வந்து கொட்டகையிலேயே விலை பேசி எடுத்துக்கொண்டான். அடுத்த வருஷம் சுகிராவின் கொல்லையில் பெண்கள் கூடிச் சோயா மூட்டை வாங்கப் பொட்டலம் சுற்றினார்கள். அதற்கடுத்த வருஷம் இன்னொருத்தி கூரைக்கு. தூக்குச்சட்டி நிற்கவில்லை. ஆனால் மூடியைத் தொடுமுன் யோசிக்கிறவர்கள் அதிகமானார்கள்.

அறுத்த மூங்கில் தூண் இருந்த இடத்தில் செங்கல் தூண் எழுப்பினார்கள். டீயில் சீனி திரும்ப வந்தது. அரைக் கரண்டிதான்.

எட்டு வருஷம் கழித்து, சட்டம் அடித்துக்கொண்டிருந்த வார்ஸினி நிமிராமல் அப்படியே சரிந்தாள். துமிஜான் சேற்றுக் காலோடு ஓடி வந்து தூக்கும்போது அவள் கையில் ஈர மண் இருந்தது. மையத்தைத் தூக்க ஆள் போட்டி போட்டது. தெருமுனை வரைக்கும் தோள் மாறி மாறிப் போனது. நாற்பதாம் நாளுக்குக் கோழி, ஆடு என்று யோசனை சொன்னார்கள். துமிஜான் கிழங்கு வேகவைத்து வாழையிலையில் சுருட்டி வீடு வீடாகக் கொடுத்தான்.

அவளைப் புதைத்த கபரைச் சுற்றி வைக்க, முதல் சூளையில் எடுத்து ஒதுக்கி வைத்திருந்த நாற்பத்திரண்டு கல்லைச் சுமந்துகொண்டு போய் வரிசை கட்டினான். பூசவில்லை. அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது தர்ஸோனோ முதலாளி கைத்தடியோடு வந்தார். கண் மங்கிவிட்டது அவருக்கு.

“வெறுங்கல்லாவா விட்டுட்ட? எங்கிட்ட டைல்ஸ் இருக்குப்பா. பளபளன்னு. ஆள விட்டுப் பதிச்சுத் தர்றேன்.”

“வேண்டாம் முதலாளி. என்ன விலைன்னு கேப்பா.”

அவர் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி மெல்லக் குனிந்து, தலைமாட்டுக் கல்லை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும்.

“நல்லா வெந்திருக்கு” என்றார்.

“அவ சுட்டது” என்றான் துமிஜான்.